தொண்டையில் தடுக்காத நோயும் நெஞ்சைப் பிளக்கும் பெருமையும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 29 உலக இதய நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று இந்திய நாளேடுகளும் மருத்துவமனை விளம்பரங்களும் வழங்கும் அறிவுரைகள் ஓர் அச்சில் வார்த்தவை போலவே இருக்கும். எண்ணெயைக் குறைக்க வேண்டும், நாள்தோறும் நடக்க வேண்டும், புகைப்பதை விட வேண்டும், நாற்பதைத் தாண்டியவர்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இவற்றில் தவறேதும் இல்லை. ஆயினும் இவை யாவும் ஒரே வகை இதயத்தை எண்ணிச் சொல்லப்பட்டவை: நடுவயதை எட்டிய, நிலையான ஊதியம் பெறுகிற, பெரும்பாலும் நகரத்தில் வாழ்கிற ஒருவரின் இதயம். கொழுப்புணவைக் கண்டிராத, புகையைத் தொட்டிராத, பத்து வயதில் வந்த தொண்டை வலியால் பழுதுபட்ட இதயங்களும் இந்நாட்டில் இலட்சக்கணக்கில் துடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு அந்த நாளில் ஒரு வரி ஒதுக்கப்படுவதுகூட அரிது.

அந்த நோயின் பெயர் ருமாட்டிக் இதய நோய். 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, 2015ஆம் ஆண்டில் இந்நோயால் உலகெங்கும் ஏறத்தாழ 3,19,400 பேர் இறந்தனர். அவர்களில் 1,19,100 பேர் இந்தியர்கள். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இறப்பு இல்லை. இவை கிடைத்த தரவுகளைக் கொண்டு கணித்த மதிப்பீடுகளே. தலை எண்ணிப் பெற்ற கணக்கு அல்ல. தலை எண்ணிப் பெற்ற கணக்கு இந்தியாவிடம் இல்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் முதற் குற்றச்சாட்டு.

வாதத்துக்குள் செல்லுமுன் நோயின் போக்கைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஏனெனில் இந்நோயைப் பற்றிய அரசியல் முழுவதும் அதன் கால அட்டவணைக்குள் ஒளிந்திருக்கிறது.

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. அவற்றின் பணி ஒன்றே: குருதியை ஒரு திசையில் மட்டும் செல்லவிடுவது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை அவை திறந்து மூடுகின்றன. வால்வு சரியாகத் திறக்காவிட்டால் அது குறுக்கம். சரியாக மூடாவிட்டால் அது கசிவு. பழுதுக்குக் காரணங்கள் பல. பிறவிக் குறை, முதுமையில் படியும் சுண்ணாம்பு, கிருமித்தொற்று, மாரடைப்பின் பின்விளைவு ஆகியவை அவற்றுள் சில. செல்வ நாடுகளில் வால்வு நோய் பெரும்பாலும் முதியோரின் நோய். இந்தியாவில் இளையோரின் வால்வுகளைக் கெடுப்பதில் முதலிடம் வகிப்பது ருமாட்டிக் காய்ச்சல்.

அதன் தொடக்கம் தொண்டையில். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொண்டையைத் தாக்குகிறது. சில நாட்களில் வலி ஆறிவிடும். இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்துச் சிலருக்கு மட்டும் காய்ச்சல் திரும்புகிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மூட்டுக்கு மூட்டு வீக்கம் தாவுகிறது. சில பிள்ளைகளின் கை கால்கள் தம் வயமின்றித் துள்ளுகின்றன. கிருமியின் புரதங்களுக்கும் இதயத் திசுவின் புரதங்களுக்கும் உள்ள ஒப்புமையால், கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் காவற்படை ஆளடையாளம் தவறித் தன் வீட்டையே தாக்குகிறது. மூட்டு வலி சில வாரங்களில் தடமின்றி மறையும். இதயத்தில் பட்ட காயம் மறையாது. ஒவ்வொரு புதிய தொண்டைத் தொற்றும் அந்தக் காயத்தைக் கிளறிவிடக்கூடும். வால்வின் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டி, மெல்ல மெல்லக் கடினமாகின்றன.

அதிகம் பாதிக்கப்படுவது இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வு. இயல்பாக அதன் திறப்பு நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர். அது ஒன்றரைக்குக் கீழே சுருங்கும்போது மேலறையில் குருதி தேங்கி, அழுத்தம் நுரையீரலுக்கு ஏறுகிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். பின்னர் சமதளத்தில் நடக்கையிலும் வாங்கும். பின்னர் படுக்கவே முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருக்க நேரும். இதயத்துடிப்பு ஒழுங்கிழக்கும். தேங்கிய குருதி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். தொண்டை வலிக்கும் இந்த மூச்சிரைப்புக்கும் இடையே பெரும்பாலும் ஆண்டுகள் பல கடந்திருக்கும். நோயாளிக்குத் தொண்டை வலி நினைவிலேயே இராது. நாட்டுக்கும் அது நினைவில் இல்லை.

இங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சியின் பெருமைமிக்க பக்கம் ஒன்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஈரிதழ் வால்வுக் குறுக்கம் முதிர்ந்து வெளிப்பட நீண்ட காலம் ஆகும் என்பதே ஐரோப்பியப் பாடநூல்களின் பாடமாக இருந்தது. 1963இல் சுஜாய் பி. ராய், எம். எல். பாட்டியா, வி. ராமலிங்கசுவாமி உள்ளிட்ட குழுவினர் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை அந்தப் பாடத்தைத் திருத்தியது. இந்தியாவில் இருபது வயதுகூட நிரம்பாதவர்களிடமே கடுமையான குறுக்கம் காணப்படுகிறது என்று அவர்கள் காட்டினர். ஐரோப்பியரின் இதயத்தில் மெல்ல நடந்த நோய், இந்தியப் பிள்ளைகளின் இதயத்தில் ஓடியது. இந்திய ஆய்வாளர்கள் தம் நாட்டு நோயைத் தம் கண்ணால் பார்த்து உலகுக்குச் சொன்ன அரிய தருணம் அது. அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தக் கட்டுரை வரலாற்றுச் சின்னமாக மாறாமல் நடப்புச் செய்தியாகவே இருப்பதுதான் வெட்கம்.

வெட்கம் என்ற சொல் மிகையன்று. இந்நோயைத் தடுக்கும் வழி 1963க்கு முன்பே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து வாரன் படைத்தளத்தில் சார்லஸ் ராமல்காம்ப்பும் அவர் குழுவினரும் 1949 முதல் செய்த ஆய்வுகள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பெனிசிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் தடுக்கப்படுகிறது என்பதை நிறுவின. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் மருந்து கொடுத்தாலும் பயன் உண்டு. ஒருமுறை காய்ச்சல் வந்துவிட்டவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசி போட்டுவந்தால், அடுத்த தாக்குதலைத் தடுத்து வால்வைக் காக்கலாம். 1950களிலிருந்து கையில் இருக்கும் மருந்து அது; காப்புரிமைச் சுமை அற்றது; மிக மலிவானது. அதைவிட வியப்பு, எத்தனையோ கிருமிகள் எத்தனையோ மருந்துகளை வென்றுவிட்ட இக்காலத்திலும், ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெனிசிலினை எதிர்த்து நிற்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கிருமி மாறவில்லை. மருந்து தோற்கவில்லை. தோற்றது வேறு.

தோற்றது எது என்று கேட்டால், கருத்தரங்குகளில் நான்கு விடைகள் வழக்கமாகக் கிடைக்கும். நான்கும் ஆராயத் தக்கவை, நான்கும் போதாதவை.

முதல் விடை: நோய் தானாகவே மறைந்து வருகிறது. இதற்குச் சான்று உண்டு. வேலூர் வட்டாரத்தில் 2001-2002இல் இரண்டேகால் இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வு, ஆயிரத்துக்கு 0.68 பேரிடம் மட்டுமே இந்நோயைக் கண்டது. முந்தைய காலக் கணக்குகளோடு ஒப்பிட்டால் இது பெருஞ்சரிவு. மகிழத் தக்கதும் ஆகும். ஆனால் அங்கே முதற்சல்லடை ஸ்டெதஸ்கோப். அதில் சிக்கியவர்களுக்கே எக்கோ. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், எய்ம்ஸ் மருத்துவர்கள் ஹரியானாவின் வல்லப்கட் பகுதியில் 6,270 பள்ளிப் பிள்ளைகளை இரு வகையிலும் சோதித்தனர். காதால் கேட்டுக் கண்டறிந்தது ஆயிரத்துக்கு 0.8. எக்கோவால் கண்டறிந்தது ஆயிரத்துக்கு 20.4. இருபத்தைந்து மடங்கு வேறுபாடு. எக்கோவில் தெரியும் சிறு மாற்றங்கள் அனைத்தும் முற்றிய நோயாக வளர்வதில்லை என்பதும் பல தாமாகவே சீராகிவிடுகின்றன என்பதும் உண்மை. ஆகவே 20.4 என்ற எண்ணை நோயாளிகளின் எண்ணிக்கையாகப் படிப்பது பிழை. அதே அளவு பிழை, 0.68 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பை மூடுவது. பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து மாறுபடும் வறுமையை ஒரு வட்டாரத்தின் சராசரியால் அளந்து நாடு முழுமைக்கும் தீர்ப்பெழுதுவது ஆய்வு நெறியன்று. மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டில் அவ்வாறு எழுதினால் வாய்மொழித் தேர்வில் அதே பேராசிரியர்கள் விடமாட்டார்கள்.

இரண்டாம் விடை: பெனிசிலின் ஊசி ஆபத்தானது. ஊசி போட்ட இடத்திலேயே நோயாளி சுருண்டு விழுந்த கதை மருத்துவ வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அதன் விளைவாக, மருந்து இருந்தும் போட மறுக்கும் மருத்துவமனைகள் பல. இந்த அச்சத்தை எள்ளி நகையாடுவது அறிவன்று; அளந்து பார்ப்பதே அறிவு. 1991இல் லான்செட்டில் வெளியான பன்னாட்டு ஆய்வு, 1,790 நோயாளிகளுக்குப் போடப்பட்ட 32,430 ஊசிகளைக் கணக்கெடுத்தது. கடும் ஒவ்வாமை அதிர்ச்சி நால்வருக்கு, இறப்பு ஒன்று. அந்த ஓர் இறப்பும் துயரமே. ஆனால் ஊசி போடாதவர்களுக்கு நேரும் இறப்புகளை எதிர்த்தட்டில் வைக்காமல் இந்தத் தட்டை மட்டும் நிறுப்பது நேர்மையான நிறுவையா? மேலும், 2022இல் அமெரிக்க இதயக் கழகம் வெளியிட்ட அறிவுரை இன்னொன்றைத் தெளிவுபடுத்தியது. ஒவ்வாமையால் நேர்ந்ததாகக் கருதப்பட்ட இறப்புகள் சிலவற்றுக்கு, முற்றிய வால்வு நோயால் ஏற்கெனவே தளர்ந்திருந்த இதயமே காரணமாக இருந்திருக்கக்கூடும். அத்தகையோருக்கு மாத்திரை வடிவில் மருந்து கொடுக்கலாம். அதாவது, ஆபத்து எவருக்கு மிகுதி என்பதை முன்கூட்டியே பிரித்தறிய இயலும். அவசர மருந்தைப் பக்கத்தில் வைத்து, பயிற்சி பெற்ற செவிலியர் கையால், நோயாளியைப் படுக்கவைத்து ஊசி போட இயலும். இயலும் என்று தெரிந்த பின்னும் மறுப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். ஊசி போட்டு ஒருவர் இறந்தால் மருத்துவர் மீது வழக்கு வரும். ஊசி போடாமல் இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் இறந்தால் எவர் மீதும் வழக்கு வராது. இந்த வேறுபாடுதான் அச்சத்தின் உண்மையான வேர்.

மூன்றாம் விடை: காப்பீடு வந்துவிட்டது. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ள வீட்டையும் நகையையும் விற்ற குடும்பங்களுக்கு இது பேருதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் அத்திட்டம் அடிப்படையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கானது. வீடு திரும்பிய பின் பதினைந்து நாட்கள் வரையிலான செலவோடு அதன் பொறுப்பு முடிகிறது. உலோக வால்வு பொருத்தப்பட்டவரின் வாழ்க்கையோ பதினாறாம் நாளுக்குப் பின்னும் தொடர்கிறது. வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை. வாரம் அல்லது மாதத்துக்கு ஒருமுறை குருதி உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனை. அளவு குறைந்தால் வால்வில் குருதி உறையும். கூடினால் மூளையிலோ குடலிலோ குருதி கசியும். சோதனைக்கூடம் முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு நாள் கூலியின் இழப்பு. இந்தச் சோதனைத் தொல்லையிலிருந்து விடுபடப் புதிய மாத்திரைகள் உதவும் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை ஏற்றவையல்ல என்பது முன்பே தெரிந்தது. ருமாட்டிக் நோயோடு துடிப்பொழுங்கும் கெட்டவர்களுக்கு ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்துகளே உயிர்காப்பவை என்று, 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, ஏழைக்குக் கிடைப்பது அறுவை சிகிச்சை. கிடைக்காதது அதன் பின்னான வாழ்க்கை. பெரிய கதவைத் திறந்துவைத்துச் சிறிய கதவுகளையெல்லாம் பூட்டிய திட்டத்தைத் தீர்வு என்று அழைக்க இயலாது.

நான்காம் விடை மிகவும் கண்ணியமான தோற்றம் உடையது: இது வறுமையின் நோய், வறுமை ஒழிந்தால் நோயும் ஒழியும். இதிலும் பாதி உண்மை உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெனிசிலின் புழக்கத்துக்கு வருமுன்பே இந்நோய் குறையத் தொடங்கிவிட்டது. வீடுகள் விரிந்தன, ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்த நிலை மாறியது, மூச்சுக்காற்றில் பரவும் கிருமிக்கு இடம் சுருங்கியது. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளில் கணிசமானோருக்கு முந்தைய தொண்டை வலியே நினைவில் இருப்பதில்லை என்பதால், தொண்டைக்கு மருத்துவம் பார்ப்பது மட்டும் போதாது என்பதும் உண்மை. வீட்டுவசதி, காற்றோட்டம், விடுதிகளில் ஒரு பிள்ளைக்கு எத்தனை அடி இடம் என்பவையெல்லாம் இதயவியலின் கேள்விகளே. ஆனால் வறுமை ஒழியும்வரை காத்திருக்கச் சொல்வது எவரை? கியூபாவின் பினார் டெல் ரியோ மாநிலம் 1986 முதல் பத்தாண்டுகள் நடத்திய திட்டத்தால் ருமாட்டிக் காய்ச்சலைப் பெருமளவு குறைத்தது. கரீபியத் தீவுகளான மார்ட்டினீக்கும் குவாதலூப்பும் 1980களில் அதையே செய்தன. அங்கெல்லாம் பத்தாண்டுகளில் வறுமை ஒழிந்துவிடவில்லை. மருத்துவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயிற்சி, நோயாளிகளின் பதிவேடு, தவறாத ஊசி ஆகிய மூன்றுமே அங்கே வேலை செய்தன.

இந்தியாவுக்கு இது தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. சண்டிகரின் முதுநிலை மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தில் 1988 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இதே முறையைச் செய்துகாட்டினர். கிராம சுகாதாரப் பணியாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஐயத்துக்குரிய பிள்ளைகளை அனுப்பிவைத்தனர், பதிவேடு பேணப்பட்டது, ஊசி தொடர்ந்தது. 2000 முதல் 2010 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஜெய் விஞ்ஞான் என்ற பெயரில் பல மையங்களில் ஆய்வு நடத்தியது. கட்டுரைகள் வெளிவந்தன, அறிக்கைகள் அடுக்கப்பட்டன. 2018இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோய்க்கெனத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. ஆனால் ஆய்வுத்திட்டம் என்பது முடிவுத் தேதியோடு பிறப்பது. நோய்க்கு முடிவுத் தேதி இல்லை. ஆய்வுத்திட்டங்கள் முடிந்தன, அவற்றின் தோளில் எழ வேண்டிய தேசியத் திட்டம் எழவில்லை.

ஒப்பீட்டுக்குக் காசநோயைப் பார்க்கலாம். 2012 முதல் அது கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய். நிக்ஷய் என்னும் பதிவேட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண் உண்டு. மருந்தை நிறுத்தியவரைத் தேடிச் செல்லப் பணியாளர் உண்டு. குறைகள் பல இருப்பினும் தேட வேண்டும் என்ற கடமையாவது எழுத்தில் உள்ளது. மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி என்று பத்தாண்டுகள் போட வேண்டிய பிள்ளைக்கு ஏறத்தாழ 170 ஊசிகள் தேவை. அவற்றில் ஐந்தாவது ஊசியோடு அப்பிள்ளை வராமல் போனால் அதை அறிந்துகொள்ள நாடு தழுவிய ஏற்பாடு எதுவும் இல்லை.

திட்டங்களின் வயது எல்லைகளையும் கவனிக்க வேண்டும். தொற்றா நோய்களுக்கான மக்கள்தொகைப் பரிசோதனை முப்பது வயதில் தொடங்குகிறது. ருமாட்டிக் காய்ச்சல் பதினைந்து வயதுக்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது. ஒரு தொற்றிலிருந்து பிறந்து தொற்றா நோயாக வளர்வதால் இரு துறைகளின் கோப்புகளிலும் இதற்கு உரிய இடமில்லை. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நோய்ப் பட்டியலில் ருமாட்டிக் இதய நோய் இடம்பெற்றுள்ளது என்பது ஒரு நல்ல செய்தி. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் குழு, இரைச்சல் மிகுந்த வகுப்பறையில், சில நிமிடங்களில் முப்பது நோய்களைத் தேட வேண்டியிருக்கிறது. மெல்லிய முணுமுணுப்பாக ஒலிக்கும் வால்வுக் கசிவு அந்த இரைச்சலில் கேட்குமா?

மருந்து வழங்கலின் கதை இன்னும் கசப்பானது. விடுதலை பெற்ற இந்தியா 1954இல் புனே அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதே பெனிசிலின் உற்பத்திக்காகத்தான். ஏழை நாடு தன் மருந்தைத் தானே செய்துகொள்ளும் என்ற உறுதியின் சின்னம் அது. பின்னர் சீனாவிலிருந்து மலிவாக வந்த மூலப்பொருளோடு போட்டியிட இயலாமல் உள்நாட்டுப் பெனிசிலின் மூலப்பொருள் உற்பத்தி நின்றது. 2020இல் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தின் வழியே அதை மீண்டும் தொடங்க அரசு முயல வேண்டியதாயிற்று. இலாபம் குறைந்த மருந்தைச் செய்ய நிறுவனங்களுக்கு ஆர்வமில்லை. தேவையை ஓங்கி முழங்க நோயாளிகளுக்குக் குரலில்லை. பென்சதீன் பெனிசிலின் தட்டுப்பாடு உலகின் பல நாடுகளில் திரும்பத் திரும்ப ஏற்பட்டிருக்கிறது. ஓர் ஊசி தவறினால் ஒரு வால்வு ஆபத்துக்குள்ளாகும் நோயில், தட்டுப்பாடு என்பது வெறும் வணிகச் செய்தியன்று.

இதற்கு எதிர்ப்புறத்தில் இந்திய அறுவை மருத்துவத்தின் பெருமை நிற்கிறது. அது பொய்ப்பெருமை அன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஸ்டான்லி ஜானும் அவர் குழுவினரும் 3,724 நோயாளிகளுக்குச் செய்த மூடிய ஈரிதழ் வால்வு விரிப்பு அறுவையின் விளைவுகளை 1983இல் வெளியிட்டபோது உலகம் வியந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு, மூன்று வடிவங்கள் தோற்ற பின் நான்காவது வடிவில் வென்று, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்றுவரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டுள்ளது. இறக்குமதி வால்வின் விலையைக் கேட்டு வீடு திரும்பியவர்களுக்கு அது உயிர் கொடுத்தது. ஜப்பானின் கான்ஜி இனோவே 1984இல் உலகுக்கு அறிவித்த பலூன் முறையில், நெஞ்சைத் திறக்காமலே தொடை நாளத்தின் வழியாகக் குறுகிய வால்வை விரிப்பதில் இந்திய மருத்துவர்கள் தேர்ந்த கையினர். இவர்கள் எவரையும் குறைசொல்வது இங்கு நோக்கமன்று. வெள்ளத்தில் தத்தளிப்பவரைக் கரை சேர்ப்பவர் போற்றத் தக்கவரே. கரையை ஏன் உயர்த்தவில்லை என்று கேட்பது அவரை இழிவுபடுத்துவதாகாது. ஆயிரக்கணக்கான அறுவைகளைக் கொண்ட தொகுப்பு ஒரு மருத்துவமனையின் சாதனையாகவும் ஒரு நாட்டின் தோல்வியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை ஏற்கும் துணிவே தேவை.

இந்தத் தோல்வியின் சுமை சமமாகப் பகிரப்படுவதில்லை. ஆப்பிரிக்க நாடுகள் பன்னிரண்டிலும் இந்தியாவிலும் ஏமனிலும் 3,343 நோயாளிகளைப் பதிவுசெய்த ஆய்வில், மூவரில் இருவர் பெண்கள். நடு வயது 28. கருவுற்ற காலத்தில் உடலின் குருதி அளவு ஏறத்தாழ ஐம்பது விழுக்காடு வரை உயர்கிறது. அதுவரை ஒருவாறு ஈடுகொடுத்து வந்த குறுகிய வால்வு அப்போது கைவிடுகிறது. பலருக்கு நோய் இருப்பதே பேறுகாலத்தில்தான் தெரியவருகிறது. உலோக வால்வு பொருத்திக்கொண்ட பெண்ணுக்கு மற்றொரு பொறி காத்திருக்கிறது: வார்ஃபரினைத் தொடர்ந்தால் கருவுக்கு ஊறு நேரலாம், நிறுத்தினால் வால்வில் குருதி உறையலாம். திசு வால்வு வைத்தால் இளவயதில் அது விரைவில் தேய்ந்து மறு அறுவை தேவைப்படும். இவ்வளவு இருந்தும், மேற்சொன்ன ஆய்வில் கருவுறும் வயதிலிருந்த பெண்களில் கருத்தடை முறையைப் பயன்படுத்தியோர் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. எவரும் அவர்களிடம் பேசவில்லை என்பதைத் தவிர இந்த எண்ணுக்கு வேறு விளக்கம் காண்பது கடினம். நெஞ்சின் நடுவே ஓடும் தழும்பை மறைத்துத் திருமணம் செய்துவைக்கப்பட்டு, மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்கும் பெண்ணின் நிலை எந்த ஆய்வின் அட்டவணையிலும் ஏறுவதில்லை.

இறுதியாக, கல்விப்புலத்தின் பொறுப்பு. ஒரு நோய் புறக்கணிக்கப்படுவதற்கு அரசு மட்டுமே காரணமாக இருப்பதில்லை. எதை ஆய்வது, எதை மேற்கோள் காட்டுவது, எந்தத் துறைக்கு மாணவர் முண்டியடிப்பது என்பவையும் காரணங்களே. நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியே பொருத்தும் புதிய வால்வுகளின் விலை பல இலட்சம். அவற்றைப் பற்றிய அமர்வுகளில் அரங்கு நிறைகிறது. மூன்று வாரத்துக்கு ஓர் ஊசியைத் தவறாமல் போடவைப்பது எப்படி என்ற கேள்வி, சமூக மருத்துவத் துறையின் பின்வரிசையில் உறங்குகிறது. ஆனால் கடினமான அறிவியல் எங்கிருக்கிறது? 2022இல் வெளியான உகாண்டா ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. அங்கே எக்கோவில் மட்டுமே தெரியும் தொடக்கநிலை நோயுள்ள 818 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பென்சதீன் பெனிசிலின் ஊசி போட்டனர். ஈராண்டு முடிவில் ஊசி பெற்றவர்களில் நோய் முற்றியது 0.8 விழுக்காட்டினருக்கு, பெறாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கு. எழுபது ஆண்டுப் பழைய மருந்தைக் கொண்டு, வருவாய் குறைந்த ஒரு நாட்டில், உலகின் முதன்மை இதழ் ஒன்றில் இடம்பெறும் அறிவியலைச் செய்ய முடிந்திருக்கிறது. உலகிலேயே அதிக நோயாளிகளைக் கொண்ட நாடு, விடை உகாண்டாவிலிருந்து வரும் வரை காத்திருந்தது.

செய்ய வேண்டியவை புதிரானவை அல்ல. ருமாட்டிக் காய்ச்சல் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக வேண்டும். அதற்கு நாடு தழுவிய பதிவேடு வேண்டும். பள்ளிப் பரிசோதனைக் குழுவிடம் கையடக்க எக்கோவும் அதைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்ற செவிலியரும் வேண்டும். நெருக்கம் மிகுந்த உண்டுஉறைவிடப் பள்ளிகளில் அது முதலில் தொடங்க வேண்டும். பென்சதீன் பெனிசிலின் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தீராமல் இருக்க வேண்டும். ஐ.என்.ஆர். சோதனை வட்டார மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

இவை அரசின் கையில் உள்ளவை. பல்கலைக்கழகங்களின் கையிலேயே உள்ள ஒன்றும் உண்டு. அதற்கு நிதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். இந்திய மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் வால்வு அறுவை பற்றிய ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. வால்வின் வகை, அறுவையின் நேரம், மருத்துவமனையில் இருந்த நாட்கள், இறப்பு விகிதம் என்று அட்டவணைகள் விரிகின்றன. அந்த அட்டவணையில் இன்னும் மூன்று நெடுவரிசைகளைச் சேர்க்க வேண்டும். நோயாளிக்கு முதன்முதலில் மூட்டு வீக்கமோ காய்ச்சலோ வந்தது எந்த வயதில்? அப்போது அவரைப் பார்த்தவர் யார்? அன்று முதல் இன்று வரை அவருக்குப் போடப்பட்டிருக்க வேண்டிய ஊசிகள் எத்தனை, போடப்பட்டவை எத்தனை? நோயாளியின் நினைவை மட்டும் நம்பிப் பெறும் விடைகள் துல்லியமாக இரா. ஆயினும் ஒவ்வொரு கல்லூரியும் பத்தாண்டுகள் அந்த நெடுவரிசைகளை நிரப்பினால், எந்த மாவட்டத்தில், எந்த வயதில், எந்தப் படியில் ஒரு பிள்ளையின் வால்வு கைவிடப்பட்டது என்பது எழுத்தில் வந்துவிடும். எழுத்தில் வந்த பின் அதை மறைந்துவரும் நோய் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.